இரண்டு சீசாத் தண்ணீர்



வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று அன்பர்கள் என்னை அழைத்தபோது, இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆயினும் இந்த மேஜைமேல் நான் கொண்டுவந்து வைத்திருக்கும் இரண்டு சீசாக்களையும் கண்டவுடனே, இன்றைய விஷயம் தண்ணீரைப் பற்றியது என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் இடக்கைப் பக்கத்துச் சீசாவின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கன்னங்கரேலென்று வண்டல் படிந்திருக்கிறது; அதற்கு மேலுள்ள நீர் தேயிலைச் சாயம் போல இருக்கிறது; விளக்கொளியில் சற்றே சாய்த்துப் பிடித்தால், மேல்மட்டத்தில் மயில் கழுத்தின் வர்ணங்கள் தோன்றித் தோன்றி மறைகின்றன. வலக்கைப் பக்கத்துச் சீசாவில் வண்டல் ஒரு நூலளவுதான், வர்ணமும் இல்லை. இரண்டும் ஒரே மழையில், ஒரே கால்வாயில், அரை மணி நேரத்துக்குள் நான் என் கையாலேயே பிடித்தவை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், இரண்டு மாத வெயிலுக்குப் பிறகு, திடீரென்று இடியும் காற்றுமாக ஒரு மழை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நெடுஞ்சாலையைக் கடந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நான், சாலைக்கு அடியில் நீர் கடக்கும் குழாய்ப் பாலத்தின் அருகே இருக்கும் தேநீர்க் கடையில் ஒதுங்கினேன். மழை தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிராது. பாலத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அது வந்த வர்ணத்தைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். மை கரைத்த நீர் போல, விளிம்பெல்லாம் சாம்பல் நுரையோடு, பீடித்துண்டுகளையும் பாக்குப் பொட்டலக் காகிதங்களையும் சுமந்துகொண்டு, அது நேரே நம் ஏரியின் வரத்துக்காலில் விழுந்து ஓடிற்று. கடைக்காரர் தம் மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டே, "முதல் மழைத் தண்ணியிலே மாட்டை விடமாட்டோம் ஐயா, வாயை வெச்சா ரெண்டு நாளைக்குத் தீனி எடுக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இன்று இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது.

ஏனென்றால், அவர் சொன்னது நம் தாய்மார்கள் அனைவரும் அறிந்த சாஸ்திரம். கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் வீடுகளில், மழை வந்தவுடனே யாரும் அண்டாவைக் கொண்டுபோய் வைப்பதில்லை. கூரையிலுள்ள தூசியும் சருகும் பறவை எச்சமும் கழுவிப்போகட்டும் என்று முதல் மழையை முற்றத்தில் ஓடவிட்டு, நீர் தெளிந்த பிறகே பாத்திரம் வைப்பார்கள். 2003-இல் நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்ட காலத்திலும், விஷயம் தெரிந்தவர்கள் முதல் மழையை வெளியே விடுவதற்குத் தனியாக ஒரு குழாயும் அடைப்பும் வைக்கச் சொன்னார்கள். கூரைக்கு இவ்வளவு ஆசாரம் பார்க்கும் நாம், கூரையைவிடப் பன்மடங்கு பெரியதும் பன்மடங்கு அழுக்குள்ளதுமான ஒரு பரப்பிலிருந்து வரும் முதல் மழையை, யோசனை சிறிதுமின்றி ஏரிக்குள் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பரப்பு எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். நான்கு வழிச் சாலையில் தார் போட்ட பகுதியின் அகலம், ஓரப்பட்டைகளையும் சேர்த்து, 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அது 20,000 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர் தண்ணீர். அதாவது பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இருபது. அதே ஒரு சென்டிமீட்டர் மழை, சாலை வருவதற்கு முன் அங்கே இருந்த காய்ந்த மேய்ச்சல் நிலத்தில் பெய்திருந்தால், பெரும்பகுதியை மண்ணே குடித்திருக்கும். ஆகவே சாலை போடுகிறவர், தாம் உத்தேசித்தாலும் உத்தேசிக்காவிட்டாலும், ஒரு நீர்ப்பிடிப்பையும் சேர்த்தே நிர்மாணம் செய்கிறார். ஏரிகள் மலிந்த இந்தச் செங்கற்பட்டுச் சீமையில், அப்படிப் பிறந்த நீருக்குப் போக்கிடம் எது? பெரும்பாலும் ஓர் ஏரியின் உள்வாய்தான். சென்னையிலிருந்து தெற்கே வரும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு கொளவாய் ஏரியை எவ்வளவு அண்டிக்கொண்டு போகிறது என்பதைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த ஒவ்வொருவரும் பார்த்திருப்பார்கள்.

இடக்கைப் பக்கத்துச் சீசாவிலுள்ள இந்தக் கறுப்பு வண்டலில் என்னதான் இருக்கிறது? நாம் ஓட்டிச் செல்லும் வாகனங்கள் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தம் தேகத்தில் ஓர் அணுவைத் தேய்த்துச் சாலைக்குக் காணிக்கை வைத்துவிட்டுப் போகின்றன. டயர் தேய்கிறது, அதன் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்த்த துத்தநாகம் தூளோடு சேர்ந்து விழுகிறது. பிரேக் பிடிக்குந்தோறும் அதன் பட்டையிலிருந்து செம்பும் இரும்பும் பொடியாக உதிர்கின்றன. எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. டீசல் புகையின் கரி படிகிறது. மழையில்லாத நாட்களெல்லாம் இவை சாலையின் முதுகில் சேர்ந்துகொண்டே இருந்து, முதல் மழையின் முதல் சில நிமிஷங்களில் மொத்தமாகக் கிளம்புகின்றன. உலோகங்களில் பெரும்பகுதி நுண்ணிய தூசியைப் பற்றிக்கொண்டுதான் பிரயாணம் செய்கிறது என்பது இங்கே கவனிக்க வேண்டிய விசேஷம். தூசியை நிறுத்தினால் உலோகத்தின் பெரும்பங்கை நிறுத்தியவர்களாவோம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் அமெரிக்க நாட்டின் சியாட்டில் நகரத்தில் நடந்த ஒரு விருத்தாந்தத்தைச் சொல்ல விரும்புகிறேன். கோஹோ சால்மன் என்ற மீன், ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் தான் பிறந்த ஓடையையே தேடிக்கொண்டு வருவது. அந்நகரத்தார் பாழ்பட்டிருந்த ஓடைகளைப் பாடுபட்டுச் சீர்திருத்தினார்கள். மீன்களும் திரும்பி வந்தன. ஆனால் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு விபரீதம் கண்ணுக்குப் புலப்பட்டது. மழை பெய்து ஓடை பெருகிய சில மணி நேரத்துக்குள், மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு வட்டமிட்டுச் சுழன்று செத்துப்போயின. இறந்த தாய் மீன்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால், முட்டைகள் வெளியேறாமல் அப்படியே இருந்தன. கடலிலிருந்து அவ்வளவு தூரம் எதிர்நீச்சல் போட்டு வந்த ஒரு ஜீவன், பிறந்த இடத்தை எட்டிய பிறகு, பிள்ளை பெறாமலே சாவதென்றால், அதைக் கரையில் நின்று பார்த்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

விஞ்ஞானிகள் நீரின் உஷ்ணத்தைச் சோதித்தார்கள், பிராண வாயுவைச் சோதித்தார்கள், பூச்சிமருந்தைச் சோதித்தார்கள்; எதுவும் காரணமாகவில்லை. சாலை நீரில் இருக்கும் உலோகங்களையும் எண்ணெய்ப் பொருள்களையும் தாங்களே கலந்து ஒரு செயற்கை நீர் தயாரித்து அதில் மீனை விட்டார்கள், மீன் சாகவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிடித்து வந்த மழைநீரில் விட்டார்கள், செத்தது. அப்படியானால் அந்த நீரில் யாரும் பெயர் வைக்காத ஒன்று இருக்கிறது என்பது தெளிவாயிற்று. டயர் ஊறிய நீரிலுள்ள இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இரசாயனங்களைப் படிப்படியாகப் பிரித்துக்கொண்டே போய், 2020-ஆம் ஆண்டின் இறுதியில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் குற்றவாளியை வெளியிட்டார்கள். காற்றிலுள்ள ஓசோனால் டயரில் வெடிப்பு விழாமல் இருப்பதற்காக ரப்பரில் 6-பி.பி.டி. என்ற ஒரு பொருளைச் சேர்ப்பது வழக்கம். அது ஓசோனோடு கூடி மாறிப் பிறக்கும் குயினோன் என்ற பொருள்தான் அந்த மீனுக்கு நஞ்சு. ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே போதும். அதே பேரினத்தைச் சேர்ந்த சம் சால்மன் அந்த நீரில் சாவதில்லை. ஆதலால் நம் ஏரியின் கெண்டையும் விராலும் இதனால் சாகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைக் கண்டுபிடிக்க அத்தனை வருஷம் பிடித்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கதையில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. நஞ்சின் பெயர் தெரிவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, அதே கொடிய சாலை நீரை, மணலும் மட்கிய எருவும் நிரப்பிய தொட்டியின் வழியாக வடியவிட்டு, அதில் மீனை விட்டுப் பார்த்தார்கள். மீன்கள் அத்தனையும் உயிரோடு நீந்தின! நோயின் பெயர் தெரியாமலே மருந்து கிடைத்துவிட்டது. அந்த மருந்து நம் காலடியில் கிடக்கும் மண்.

இப்போது வலக்கைப் பக்கத்துச் சீசாவுக்கு வருகிறேன். பாலத்தின் வாயிலிருந்து ஏரியின் உள்வாய் வரை, ஏறக்குறைய நூற்றைம்பது அடி நீளத்துக்கு, வரத்துக்கால் அகன்று ஆழம் குறைந்து, கோரையும் அறுகும் மண்டிக் கிடக்கும் ஓரிடம் இருக்கிறது. தூர்வாராத கால்வாய் என்று நாம் அதை ஏசுவது வழக்கம். ஆனால் அந்தப் புல்லுக்கு அப்பால் பிடித்த நீர்தான் இது. பாய்ந்து வந்த நீர் புல்லுக்குள் நுழைந்ததும் வேகம் தணிகிறது. வேகம் தணிந்தால் தூசி கீழே படிகிறது. எண்ணெய்ப் படலம் தண்டுகளில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நாளடைவில் தின்று தீர்க்கின்றன. கரைந்துள்ள உலோகம் தெளிந்த நீரிலும் இருக்கும் என்பதை நான் மறைக்கவில்லை. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதைக் கொண்டு இதைக் குடிக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆயினும் யாரும் திட்டமிடாமல், யாரும் செலவு செய்யாமல், தானாக முளைத்த ஐம்பது கஜம் கோரை இவ்வளவு காரியம் செய்யுமானால், அறிந்து செய்தால் எவ்வளவு செய்யலாம்!

சாலைப் பொறியாளர்களை நான் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். தாருக்குத் தண்ணீர் சத்துரு. சாலையின் முதுகை நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு சாய்த்துக் கட்டி, விழுந்த நீரை விரைவில் இறக்கிவிடுவது அவர்களுடைய தர்மம். 1934-இல் நிறுவப்பட்ட இந்தியச் சாலைக் காங்கிரஸ் வடிகாலுக்கென்றே வழிகாட்டு நூல்கள் வெளியிட்டிருக்கிறது. சாலையை விட்டு இறங்கிய பிறகு அந்த நீர் என்ன ஆகிறது என்ற கேள்விதான் நடுவில் அநாதையாக நிற்கிறது. சாலை ஒரு துறைக்கு, ஏரி இன்னொரு துறைக்கு, அசுத்தம் மூன்றாவது துறைக்கு என்று பாகப்பிரிவினை ஆகியிருப்பதால், குழாய்ப் பாலத்தின் வாய்க்கும் ஏரியின் உள்வாய்க்கும் இடையிலுள்ள அந்த நூற்றைம்பது அடிக்குப் பாத்தியதை கொண்டாட ஒருவருமில்லை. ஆனால் இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்த செய்தியைச் சொல்கின்றன. முந்நூற்றறுபது நாளைக்கு அந்த ஆறு பேரும் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஆகவே என் விண்ணப்பம் இது. சாலையோரத்தில் சிமெண்டுத் தொட்டிக் கால்வாய் கட்டும் இடங்களில், நிலம் இடங்கொடுக்குமானால், தாழ்ந்து அகன்ற புல்வாய்க்கால் வெட்டப்பட வேண்டும். மண் அரியும் சரிவுகளில் வெட்டிவேர் நடலாம். உலகத்தார் இன்று பல தேசங்களில் சாலைக்கரை காக்க நடும் அந்தப் புல்லை, நம் தமிழ்ப் பெயரிட்டே அழைக்கிறார்கள். ஏரிக்குள் நுழையுமுன் நீர் சிறிது நேரம் தங்கிப்போக ஒரு வண்டல் குட்டை வேண்டும்; ஒவ்வொரு கோடையிலும் அதன் வண்டலை வாரி, வயலில் கொட்டாமல், தனியாக அப்புறப்படுத்த வேண்டும். வாராத குட்டை, குட்டையே இல்லாததற்குச் சமம். பெட்ரோலோ அமிலமோ ஏற்றிய டாங்கர் லாரி கவிழ்ந்தால், குட்டையின் வாயை உடனே அடைத்து ஏரியைக் காக்கவும் முடியும். குடிநீர் மண்டலங்களின் ஊடே போகும் சாலைகளுக்கென்று ஜெர்மனியில் தனி விதிநூலே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். சாலையோர நீரை நேரே ஆழ்துளைக் குழியில் இறக்கி நிலத்தடி நீரைப் பெருக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு சிலர் யோசனை சொல்கிறார்கள். மண்ணையும் மணலையும் கடக்காமல் இந்தக் கறுப்பு நீர் நேரே ஊற்றுக்குள் போனால், ஏரியில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு, கிணற்றில் கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேரும். மண்ணின் மேல்தோல் செய்யும் வேலையைத் தாண்டிக்கொண்டு எந்தக் குழாயும் போகக் கூடாது.

பிறப்பிடத்திலேயே அசுத்தத்தைக் குறைப்பதும் சாத்தியந்தான். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டை விட்டுப் போகவில்லையா? பிரேக் பட்டையில் செம்பைக் குறைக்க வேண்டுமென்று வாஷிங்டன், கலிபோர்னியா மாகாணங்கள் 2010-இல் சட்டம் செய்யவில்லையா? ஆனால் டயர் உற்பத்தியை மாற்றுவது நம் கைக்கு எட்டிய காரியமன்று. அந்த நூற்றைம்பது அடி நம் கைக்கு எட்டியது.

ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏரிக் கலிங்கின்மேல் நான் நிற்பேன். அங்கிருந்து வடக்கே சாலையோரமாக நடந்து, எத்தனை குழாய்ப் பாலங்கள் நம் ஏரியை நோக்கி வாய் திறந்திருக்கின்றன, எதன் எதிரே புல் இருக்கிறது, எதன் எதிரே வெறும் சிமெண்டு இருக்கிறது என்பதை எழுதி வருவோம். எழுதியதை மூன்று துறையாருக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். பெரியவர்கள் வர வேண்டும். பழைய வரத்துக்கால் எந்த வழியாக வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மாணவர்கள் நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். வீட்டில் கண்ணாடிச் சீசா சும்மா கிடந்தால், நன்றாகக் கழுவி, ஆளுக்கு ஒன்று எடுத்து வாருங்கள். முதல் மழைக்கு ஒவ்வொரு பாலத்தின் வாயிலும் ஒரு சீசா வேண்டியிருக்கும்.