மேல்சிகிச்சைக்கு எழுதும் முன்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே,

1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1985இல் உருவானது இந்த மருத்துவக் கல்லூரி. 2021இல் அரசு சுகாதாரத் துறையிடம் வந்து, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. நான் புவனகிரியில் பள்ளிக்கூடம் போன நாட்களில் இந்தப் பக்கத்தில் டாக்டருக்குப் படிக்க வழியே கிடையாது. வெளியூர் போய்த்தான் படித்தேன். விடுமுறைக்கு வந்தால் வீட்டுக்குப் போகும் முன்பே சிதம்பரத்தில் இறங்கி இட்லியும் கொத்சும் சாப்பிடுவேன். அந்த ருசிக்காகவே திரும்பி வந்து இங்கே வேலை பார்த்தேன் என்று என் அம்மா கடைசிவரை நம்பினார். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

உங்களுக்கு இனி பதிவு எண் கிடைக்கும். உங்களோடு பயிற்சி மருத்துவர்களாக இருந்த, வெளிநாட்டில் படித்து வந்த நண்பர்களையும் நினைக்கிறேன். 2002 முதல் அவர்கள் தகுதித் தேர்வு ஒன்றைத் தாண்டித்தான் இங்கே வர முடிகிறது: 300 கேள்விகள், தேற 150 மதிப்பெண். எல்லோருக்கும் பொதுவான இறுதித் தேர்வு வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொல்கிறது. இந்தத் தேர்வுகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு விடைகள் அச்சாகியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் தனியாக ட்யூட்டியில் இருக்கும்போது விடை எதுவும் அச்சாகியிருக்காது. கைக்கு எட்டுவது ஓ.பி. சீட்டு ஒன்றுதான். அதில் “மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்” என்று எழுதிவிட்டால் பொறுப்பு கழிந்ததாகத் தோன்றும்.

கழிவதில்லை. அனுப்புவதும் ஒரு சிகிச்சை. எந்த ஊசியையும் போல அதற்கும் நேரமும் அளவும் உண்டு, பக்கவிளைவு உண்டு. இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நடவு வேலைக்குப் போகிறவர். இரவு தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடியும் முன் வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். உடம்பில் கடித்த தடம் எதுவும் தெரியவில்லை. முதலில் பார்த்த இடத்தில் வயிற்றுவலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். சற்று நேரத்தில் இமை தொங்கி, பேச்சுக் குழறியதும், சீட்டு எழுதி ஒரு வாடகைக் காரில் ஏற்றிவிட்டார்கள். விஷமுறிவு மருந்து போடவில்லை. கூட ஒரு நர்ஸும் வரவில்லை. எங்களிடம் வந்து சேர்ந்தபோது மூச்சு ஏறக்குறைய நின்றிருந்தது.

கட்டுவிரியன். இந்த வயல்காட்டு ஊர்களில் அது கடிப்பதும் இப்படித்தான்: இரவில், தூக்கத்தில், வலியில்லாமல். ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்த்தால் நன்றாகவே உறையும், ஏனென்றால் இந்த விஷம் தாக்குவது நரம்பு முனையை. டியூப் போட்டோம், விஷமுறிவு மருந்து கொடுத்தோம். வென்டிலேட்டர் எதுவும் காலியாக இல்லை. ஹவுஸ் சர்ஜன்களும் அந்தப் பெண்ணின் தம்பியும் முறை வைத்துக்கொண்டு ஆம்பு பேக்கை அழுத்தினார்கள். மறுநாள் கண்மணி இரண்டும் விரிந்து, டார்ச் அடித்தாலும் அசையவில்லை. கட்டிலருகே நின்ற ஒருவர், “முடிஞ்சிடுச்சு சார், வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லிடலாம்” என்றார். எங்கள் பிரிவுத் தலைவர் அமைதியாகச் சொன்னார்: “கட்டுவிரியன் கடிச்சா கண்மணியும் செயலிழக்கும். மூளைச்சாவு மாதிரியே இருக்கும். யாரும் கையை எடுக்கக் கூடாது. அந்தம்மாகிட்ட பேசிக்கிட்டே பண்ணுங்க, காது கேக்கும்.”

கேட்டிருக்கிறது. மூன்றாம் நாள் கால் பெருவிரல் அசைந்தது. டியூப் எடுத்த பிறகு, யார் யார் என்ன பேசினார்கள் என்று அவரே சொன்னார். “முடிஞ்சிடுச்சு” என்ற குரலையும் சொன்னார்.

நரம்பு முனைகளில் சேதம் நடந்த பிறகு விஷமுறிவு மருந்தால் அதைத் திருப்ப முடியாது. அவை தாமாகத் தேறி வரும்வரை மூச்சைக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் சிகிச்சை. இது மருந்தியல். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் பேசுவது அறம். அந்தக் கட்டிலருகே இரண்டையும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 58,000 பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தில், வீட்டிலேயே இறந்தவர்கள். 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தில், முதல் ஆஸ்பத்திரிக்கும் இரண்டாவது ஆஸ்பத்திரிக்கும் நடுவே காரில் இறந்தவர் தனியாகத் தெரியவேண்டும் என்பது என் ஆசை.

இது பாம்புக்கடிக்கு மட்டும் உரியதல்ல. விபத்தில் அடிபட்ட ஒரு ஸ்கூட்டர்காரரை அருகிலிருந்த ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளாமல், போலீஸ் கேஸ் பார்க்க அனுமதி பெற்ற, 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. அவர் வழியிலேயே இறந்தார். அந்தச் செய்தியை முன்வைத்துத்தான் பரமானந்த் கட்டாரா வழக்கு வந்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996இல் இன்னொரு தீர்ப்பு. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த தொழிலாளியைப் பல அரசு ஆஸ்பத்திரிகள் இடமில்லை என்று திருப்பி அனுப்பின. படுக்கை இல்லை என்ற காரணம் செல்லாது என்றது நீதிமன்றம்.

நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நோயாளி உங்கள் கையில் இறந்தால் வெளியே கூட்டம் சேரும், கண்ணாடி உடையும், வழக்கு வரும். அந்தப் பயம் நியாயமானது. தாக்குதலிலிருந்து காக்க 2008இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஜேக்கப் மேத்யூ வழக்கில், 2005இல், கடும் அலட்சியம் இருந்தாலொழிய மருத்துவர் மேல் கிரிமினல் குற்றம் சாராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நேர்மையாக முயன்று தோற்ற மருத்துவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொடாமல் அனுப்பியவருக்கு அந்த இடம் மிகக் குறுகல்.

கட்டுவிரியன் கடித்த அந்தப் பெண்ணை நினைக்கும்போது இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் வார்டுகளில் நோயாளி பெண்ணாக இருந்தால், “வீட்டு ஆம்பளைங்க யாரு வந்திருக்காங்க?” என்றுதான் முதலில் கேட்கிறோம். சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பதில் அவர் தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை எடுத்தார்கள். அது செல்லாது என்று 2008இல் தீர்ப்பு வந்தது. நினைவோடு இருப்பவரின் உடம்புக்கு அவரேதான் பதில் சொல்ல வேண்டும். கைநாட்டு வைக்கிறவருக்கும் அவருக்குப் புரியும் தமிழில் முழுதாகச் சொல்லுங்கள். பாட்டி பக்கத்தில் இருக்கட்டும், மாமா இருக்கட்டும். கேள்வி நோயாளியிடம் போகட்டும்.

அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கிருந்து ஜிப்மருக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அனுப்ப வேண்டியவரை அனுப்பத்தான் வேண்டும், சீக்கிரமே அனுப்ப வேண்டும். விஷமுறிவு மருந்தின் முதல் டோஸை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுங்கள். மூச்சுத் தளர்ந்தால் டியூப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். 108 வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் எதிர்முனை ட்யூட்டி டாக்டரிடம் பேசிவிடுங்கள். சீட்டில் என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று படிக்கும்படி எழுதுங்கள். மறுநாள் காலையில் அதே டாக்டருக்குப் போன் போட்டு, அந்த நோயாளி என்ன ஆனார் என்று கேளுங்கள். கேட்பவர் மிகக் குறைவு. இந்தக் கல்லூரியின் அவசர சிகிச்சைப் பிரிவு அந்த அழைப்புக்குப் பதில் சொல்லத் தனியாக ஒருவரை நியமிக்க வேண்டும் என்று முதல்வர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.