நகம் களைவதும் நலம் காப்பதும்

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

நஹ்மதுஹு வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஅத்.

 

நகம் களைவதை மனிதனின் இயற்கைப் பண்புகளில் ஒன்றாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியுள்ளார்கள். 40 நாட்களுக்கு மேல் அதனை விட்டுவைக்கலாகாது என்ற வரம்பு, அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நாம் இந்த சுன்னத்தைப் பேணுகிறோம். ஆனால் வெட்டும் முறையைக் கவனிப்பதில்லை. அதன் விளைவாகக் கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் புதைந்து வளர்கிறது. அத்தஹிய்யாத்து இருப்பில் வலது கால் விரல்களைக் கிப்லாவை நோக்கி மடக்கும்போது அதன் வேதனை புலப்படும்.

நகத்தை ஒட்ட வெட்டுவதும், மூலைகளை வளைத்துத் தோண்டுவதும் இதன் முதற்காரணங்கள். தோண்டும்போது உள்ளே எஞ்சும் முள் போன்ற துண்டு, வளர வளரச் சதையைக் குத்தும். முனை குறுகிய இறுக்கமான காலணி, விரலில் பட்ட அடி, ஓயாத வியர்வை, பிறவியிலேயே வளைந்த நகம் ஆகியனவும் காரணங்களாகும்.

ஆரம்ப நிலையில் கத்தி வைக்காமலே குணப்படுத்தலாம். பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் 15 நிமிடம், நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை காலை வைத்திருக்க வேண்டும். உளூவிற்கு முன் இதனைச் செய்தால் மறதி நேராது. பின்னர் ஈரம் துடைத்து, மென்மையான நகவோரத்தின் கீழ் சிறு பஞ்சுத் திரியை மெல்லச் செருகி, நாள்தோறும் மாற்றி வர வேண்டும். சதையை நகத்திலிருந்து விலக்கிப் பிளாஸ்திரி ஒட்டுவதும் பயன் தரும். அகன்ற செருப்பையே அணிய வேண்டும். கால் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 1.5 மி.மீ. மட்டுமே வளர்வதால் சில வாரங்கள் பொறுமை தேவை. இனி நகத்தை நேராக வெட்டுங்கள், மூலைகளை விட்டுவிடுங்கள்.

சகோதரர்களே! சர்க்கரை நோயுள்ளோர் இவற்றில் எதனையும் தாமாகச் செய்யலாகாது. உணர்வு குன்றிய காலுக்கு வெந்நீரின் சூடு தெரியாது, கொப்புளம் புண்ணாகும், புண் முற்றி விரலையே எடுக்க நேரிடலாம். அவர்கள் முதல் நாளிலேயே மருத்துவரை அணுக வேண்டும். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் கண்ட மற்றவர்களும் தாமதிக்கலாகாது. மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு முரணானதன்று. அது நபி (ஸல்) அவர்களின் ஏவல்.

விரலை மடக்க இயலாதவர் இயன்றவாறு அமர்ந்து தொழலாம். தண்ணீர் தீங்கு தரும் எனில், கட்டின் மீது மஸஹு செய்யும் சலுகை உண்டு. தத்தம் மத்ஹபின் விபரத்தை ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். வேதனையை மறைத்து, பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடாதீர்கள்.

நம் உடல் அல்லாஹ்வின் அமானிதம். ஸுஜூதில் தரையைத் தொடும் உறுப்புகளில் கால் விரல்களும் உள்ளன. அவற்றைப் பேணி வணங்கும் நற்பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.