கருணை வேண்டாம், கதவு திறக்கட்டும்!



தனியார் கடையிலும் ஆலையிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு வழி செய்து கொடு என்று ஆணையிட அரசாங்கத்துக்கு உரிமை உண்டா? இதுவே கேள்வி. "என் பணம், என் கட்டிடம்; வாசற்படியின் உயரத்தைச் சர்க்கார் அளப்பதா?" என்று முதலாளிமார் முகம் சுளிக்கின்றனர்.

நான் கேட்கிறேன், தொழிலாளிக்குக் குடிநீர் வை, கழிப்பறை கட்டு, தீப்பிடித்தால் தப்பிட வழி அமை என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆணையிட்டதே, அது யாருடைய கட்டிடத்துக்குள்? தனியார் கட்டிடத்துக்குள்தான்! அதனால் குடிமுழுகிப் போயிற்றா? இல்லை, ஆலைகள் பெருகின. நடக்கும் கால்களுக்குப் படிக்கட்டு அமைப்பது வியாபாரமாம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைப்பது மட்டும் தருமமாம்! இது எந்த ஊர் நியாயம்?

செலவோ மலையளவன்று. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு என்பது கட்டிடக் கலைஞர் கணக்கு. 6 அங்குலப் படிக்கு 6 அடிச் சாய்தளம் போதும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டிடத்தையும் பொதுக்கட்டிடமென்றே கொள்கிறது, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆனால் வேலை என்றதும் அதன் குரல் தாழ்கிறது. அரசு நிறுவனத்தில் நூற்றுக்கு 4 இடம் கட்டாயம். தனியாரிடமோ, நூற்றுக்கு 5 பேரைச் சேர்த்துக்கொள்ள ஊக்கச் சலுகை! அங்கே ஆணை, இங்கே கெஞ்சல்!

2017இல் வகுத்த விதிகளிலும் இந்தத் தயக்கமே தலைதூக்கிற்று. கட்டிடம் முதலியவற்றை எல்லோரும் அணுகுவதற்கான 15ஆவது விதியின் முதற்பிரிவு வெறும் பரிந்துரையாக நிற்கிறது, அது சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீறலாகாத விதிகளை மூன்று திங்களுக்குள் வகுத்திடப் பணித்தது.

பெட்டிக்கடைக்காரர் என்ன செய்வார் என்பது நேர்மையான கேள்வி. தகுந்த வசதி செய்வது அளவுக்கு மீறிய சுமையாகக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. அமெரிக்க நாடும் 1990இல் இயற்றிய சட்டத்தில், பழைய கடைகளில் மிகுந்த சிரமமும் செலவுமின்றி நீக்கக்கூடிய தடைகளையே நீக்கச் சொன்னது. எனவே, பெட்டிக்கடைக்காரரின் முதுகுக்குப் பின்னே பெருமுதலாளி ஒளிந்துகொள்ள இடமில்லை.

தோழர்களே! கைதூக்கி ஏற்றிவிடும் கருணை வரும், போகும். கட்டிவைத்த சாய்தளம் நிற்கும். கருணையை அவரவர் மனத்துக்கு விட்டுவிடுவோம். வழியைச் சட்டத்தின் வாயிலாகப் பெறுவோம். உங்கள் ஊர்க் கடைவீதியைச் சுற்றி வாருங்கள். திறந்திருந்தும் மூடிக்கிடக்கும் வாசல்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அங்கே தொடங்கட்டும் நமது பணி.