கடனட்டையும் கதவைத் தட்டுவோரும்



கடனட்டை கையிலிருக்கும்போது அதன் பாரம் தெரிவதில்லை. மாத முடிவில் வரும் கணக்குக் கூற்றிலேயே தெரியத் தொடங்கும். அதில் ஆகக் குறைந்த தொகை என ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அதனைச் செலுத்தியதும் கடமை முடிந்ததெனப் பலர் அமைதி கொள்கின்றனர். நிலுவை ஓர் இலட்சம் ரூபா, ஆண்டு வட்டி நூற்றுக்கு 24 வீதம் எனக் கொள்வோம். ஒரு மாத வட்டி மாத்திரம் ஏறக்குறைய 2,000 ரூபா. 5,000 ரூபா செலுத்துவோருக்குக் கடனிற் குறைவது 3,000 ரூபாவே.

தவணை தவறினால் அறவிடுவோர் வீடு தேடி வருவர். அயலார் கேட்க உரத்துப் பேசுவோரும் உளர். பட்ட கடன் தீர்க்கப்படவேண்டியதே. எனினும், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டப்படி வங்கி வழக்கிடும் இடம் மாவட்ட நீதிமன்றமேயன்றி உங்கள் வீட்டு முற்றமன்று. நீதிமன்றக் கட்டளையின்றி வீட்டுப் பொருளில் எவரும் கைவைத்தல் ஆகாது. துன்புறுத்தி அறவிடுதலை இலங்கை மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் தடுக்கின்றன.

ஆதலின் அஞ்சி ஒளித்தல் வேண்டா. வந்தவரின் அடையாளத்தையும் கணக்கு விபரத்தையும் எழுத்திற் கேளுங்கள். உங்களால் இயன்ற தவணையை வங்கிக்கு எழுதி அறிவியுங்கள். பணத்தை வந்தவர் கையிற் கொடாது வங்கியிற் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பேணுங்கள். முறைப்பாட்டை முதலில் வங்கியிடம் தெரிவியுங்கள்; பயனில்லையேல் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் மத்திய வங்கியை நாடலாம்.

கடனைத் தீர்ப்பது நம் கடமை. அதற்காக மானத்தை ஈடுவைக்குமாறு எந்தச் சட்டமும் கேட்கவில்லை.