கட்டிப் பார்



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. செலவின் பெருக்கத்தையும் அலைச்சலையும் அது உணர்த்துவதாகவே பெரியோர் பொருள் கூறுவர். அதில் வேறொரு பொருளும் அடங்கியிருக்கிறது. கட்டுவது கொத்தனாரின் தொழில். பார்ப்பது வீட்டுக்குரியவரின் கடமை. கட்டியவர் பலர், பார்த்தவர் சிலர் என்பதே இன்றைய புது வீடுகள் பலவற்றின் குறைக்குக் காரணம் என்பது என் கருத்து.

என் ஊர் செஞ்சிக்கு அருகில் உள்ள அனந்தபுரம். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இராசகிரியின் உச்சிக்கு ஓடவே அவர்கள் துடிப்பார்கள். நானோ அடிவாரத்தில் உள்ள களஞ்சியத்தின் முன் அவர்களைச் சற்று நிறுத்தி வைப்பேன். தடித்த சுவர்கள், வளைந்த கூரை. இரும்புக் கம்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை. சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, அரைத்துச் சாந்தாக்கிய பொறுமையே அக்கட்டடத்தின் பலம் என்று விளக்குவேன். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, அந்தக் களஞ்சியத்தைத்தான் நான் முதலில் நினைத்துக்கொண்டேன்.

கோட்டையைக் காட்டிப் பாடம் சொன்ன நானே என் சொந்த வீட்டில் கோட்டை விட்டேன்.

1994-ஆம் ஆண்டு பங்குனி மாதம் என் வீட்டுக்குக் கூரை போட்டார்கள். அது பொதுத்தேர்வுக் காலம். காலையில் தேர்வு மையத்துக்குப் போனால் இருட்டிய பின்புதான் திரும்புவேன். கலவையில் எத்தனை குடம் நீர் ஊற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. கூரைக்கு நீர் விட ஆள் வைத்திருந்தேன். அவர் மூன்று நாளோடு நின்றுவிட்டார் என்பதையும் கவனிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் கூரையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின. ஐப்பசி மழை வந்தால் என் தாயார் தம் கட்டிலை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்திக்கொள்வார். இறுதிவரை அவர் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அந்தக் கட்டில் நகரும் ஓசை இன்றும் என் காதை விட்டு அகலவில்லை.

பழுது பார்க்க வந்த கொத்தனார் என்னிடம் படித்தவர். உதிர்ந்த பூச்சையும் துருவேறிய கம்பியையும் பார்த்துவிட்டு அவர் மெல்லச் சொன்னார்: "ஐயா, எங்கள் விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தீர்கள். இந்தக் கூரையையும் ஒரு முறை பார்த்திருக்கலாம்." அதற்கு என்னிடம் விடை இல்லை.

அவரிடம் நான் கற்ற பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன். கான்கிரீட்டு காய்ந்து இறுகுகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. சிமெண்டு நீரோடு கூடி வேதிவினை புரிந்தே இறுகுகிறது. நீர் வற்றினால் வினை நின்றுவிடும். வலிமையும் அரைகுறையாக நிற்கும். அதனால்தான் சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்று இந்தியத் தரவிதி கூறுகிறது. கடும் வெயிலில் இவற்றை 10, 14 நாள்களாக நீட்டிக்கவும் பரிந்துரைக்கிறது. ஆனால் கலக்கும்போது நீர் மிகக்கூடாது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 லிட்டர் போதும். வேலை எளிதாகட்டும் என்று ஊற்றும் அதிகப்படி நீர் பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும். அத்துளைகளின் வழியே மழைநீர் கம்பியை அடையும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும்; பருத்த கம்பி கூரையை உள்ளிருந்தே பிளக்கும். கலக்கும்போது அளவு, கலந்த பின் ஈரம்: இவ்விரண்டையும் மறவாதீர்கள்.

தரம் என்பது வலிமை மட்டும் அன்று. வாழ்பவருக்குப் பொருந்துவதும் தரமே. 1945-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, பின்னர்த் திருவனந்தபுரத்தில் தங்கிப் பணிபுரிந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், குடும்பத்தாரின் தேவையையும் மனையின் இயல்பையும் அறிந்த பின்பே வீட்டை வரைவார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அவர் எழுப்பிய சுவர்களில் ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சமாயிற்று, வெப்பமும் குறைந்தது. நமக்கு அண்மையில் உள்ள ஆரோவில்லில், மண்ணோடு சிறிதளவு சிமெண்டு கலந்து, அழுத்தி, சுடாமலே கல்லாக்கிக் கட்டுகிறார்கள். அதைப் பார்த்து வர உங்கள் ஆசிரியரை வேண்டுங்கள்.

இவையெல்லாம் செல்வருக்கே என்று நினையாதீர்கள். 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், குடிசையில் வாழ்வோர் 360 சதுர அடியில் வீடு கட்டிக்கொள்ள மூன்றரை லட்சம் ரூபாய் வழங்க வகை செய்தது. அச்சிறிய இடத்திலும் எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் வைத்தால் காற்று ஊடுருவும். அடுப்பின் புகை வெளியேற வழி விட்டால் தாயின் கண் கலங்காது. இவற்றுக்குத் தனிச் செலவு அதிகம் இல்லை. கட்டுமுன் யோசித்தால் போதும்.

சென்ற ஆண்டு எங்கள் ஊருக்கு அருகில் அத்தகைய வீடு ஒன்று எழுந்தது. தந்தையும் தாயும் கூலி வேலைக்குச் செல்பவர்கள். கூரை போட்ட மறுநாள், அவர்களுடைய மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, நெல்வயலுக்குப் பாத்தி கட்டுவது போலக் கூரையின் மேல் சாந்தினால் சிறு வரப்புகள் கட்டி நீரைத் தேக்கினாள். பள்ளிக்குப் புறப்படுமுன் ஒரு முறை, திரும்பியதும் ஒரு முறை எனப் பதினான்கு நாள் அதை வற்றவிடவில்லை. சுவரில் கரியால் கோடு போட்டு நாளை எண்ணி வந்தாள். மழைக்காலத்தில் நான் போய்ப் பார்த்தேன். அவளுடைய புத்தகங்கள் கூரையடியில் உலர்ந்தே இருந்தன.

மாணவர்களே, உங்கள் வீட்டில் என்றேனும் கட்டட வேலை நடக்கும். பெரியவர்களுக்கு நேரம் இராது. நீங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறுங்கள். கட்டுவோர் கட்டட்டும், நீங்கள் பாருங்கள். நான் பார்க்கத் தவறியதை நீங்கள் தவறவிடாதிருந்தால், இந்தப் பேச்சு வீண்போகவில்லை என்று நான் அமைதி அடைவேன்.