இரட்டைத் தள்ளுவண்டி வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

(நம் குடியிருப்பின் பொங்கல் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். நமஸ்காரமு. நமஸ்கார. ஓசூரில் இருந்துகொண்டு மூன்றையும் சொல்லாமல் மைக்கைத் தொடக் கூடாது.

போன மாதம் நான் டேப்பும் கையுமாக லிஃப்ட் வாசலில் குனிந்து நின்றதைச் சிலர் பார்த்திருக்கிறீர்கள். ‘சாருக்கு என்ன ஆச்சு?’ என்று செக்யூரிட்டியிடம் விசாரித்ததாகவும் கேள்வி. அதைப் பற்றியே பேசுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் இரண்டாவது பேத்தி பிறந்தாள். மூத்தவனுக்கு அப்போது இரண்டரை வயது. இரண்டு குழந்தைகளையும் சேர்த்து உட்கார வைக்கும் வண்டி ஒன்று வாங்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். என் காலத்தில் தள்ளுவண்டி என்றால் காய்கறி வண்டிதான். குழந்தைக்குத் தூளி, நடக்கப் பழக நடைவண்டி, வெளியே போனால் இடுப்பு. இவ்வளவுதான். ஆனால் இரண்டு குழந்தைக்கு இரண்டு இடுப்பு வேண்டும். எனக்கு முதுகுவலி, என் மனைவிக்கு முழங்கால். மாப்பிள்ளைக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஆகவே நானும் ‘வாங்குங்கள்’ என்றேன்.

பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகையை வாங்கினோம். அழகான வண்டி. அகலம் 76 சென்டிமீட்டர். எங்கள் சி பிளாக் லிஃப்ட்டின் கதவு எவ்வளவு தெரியுமா? 70. வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் அளந்தோம். மடித்து ஏற்றலாம், ஆனால் மடிக்கும்போது குழந்தைகளை யார் வைத்திருப்பது? விற்றவர்கள் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள். வண்டி பால்கனிக்குப் போனது. அதன் மேல் துணி காய்ந்தது. என் மகள் நான்கு மாதம் கீழே இறங்கவில்லை. டாக்டரிடம் போனதைத் தவிர.

தாத்தா பாட்டி உள்ள வீட்டிலேயே இந்தக் கதி. இங்கே பல வீடுகளில் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்த சின்னக் குடும்பங்கள். கணவர் காலையில் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார். அந்தப் பெண் இரண்டு குழந்தையோடு நாள் முழுக்க நான்கு சுவருக்குள். ஆகவே வண்டி வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. வேறு யார் உதவியும் இல்லாமல், ஒரே ஒரு ஆள், இரண்டு குழந்தையோடு வீட்டு வாசலிலிருந்து கேட் வரைக்கும் போய்த் திரும்ப முடியுமா?

அதற்கு முதலில் டேப். லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருக்கும் பலகையைப் பாருங்கள். எங்கள் பிளாக்கில் ‘6 பேர், 408 கிலோ’ என்றிருக்கும். ஆளுக்கு 68 கிலோ கணக்கு. ஏ, பி பிளாக்கில் ‘8 பேர், 544 கிலோ’. அங்கே கதவு 80. பத்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் அந்த 76 வண்டி அங்கே போகும், எங்களிடம் போகாது. கதவு மட்டும் போதாது, உள் ஆழத்தையும் அளக்க வேண்டும். முன்னும் பின்னுமாக உட்காரும் வகை அகலம் குறைவுதான். நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். அதற்குப் பின்னால் தள்ளுகிற ஆளும் நிற்க வேண்டுமே! வீட்டின் இரும்புக் கதவு முழுசாகத் திறந்தால் எவ்வளவு இடம், காரின் டிக்கி எவ்வளவு, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் இரட்டை வண்டியை மறந்துவிடலாம்.

இரட்டையர் என்றால் பக்கத்தில் பக்கத்தில் வகை நல்லது. இரண்டும் ஒரே எடை, வண்டி ஒரு பக்கம் இழுக்காது. முன்பின் வகையில் வேகத்தடை வந்தால் கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். இரண்டு குழந்தை பாரத்தோடு அது லேசான வேலை இல்லை. சக்கரம் சின்னதாக இருந்தால் நம் பேவர் பிளாக் இடுக்கிலும் மழைநீர்க் கால்வாய்க் கம்பி மூடியிலும் மாட்டும். கடைக்காரரின் டைல்ஸ் தரையில் எல்லா வண்டியும் வழுக்கிக்கொண்டுதான் போகும்.

இன்னொன்று, அவசரப்பட்டு முன்னாலேயே வாங்காதீர்கள். பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. முழுக்கப் படுக்க வைக்கும் இருக்கை வேண்டும், அந்த மாடல்தான் விலை அதிகம். நம் பெண்கள் பலர் பிரசவத்துக்குத் தாய்வீடு போய் மூன்று, ஐந்து மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். வந்து கொஞ்ச நாளில் குழந்தை உட்காரத் தொடங்கிவிடும். பெரியதோ மூன்று வயதில் ‘நான் நடக்கிறேன்’ என்று இறங்கிவிடும். இரண்டும் சேர்ந்து உட்காரும் காலம் பல வீடுகளில் ஒரு வருடம்தான்.

பழைய பழக்கம், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. வண்டி 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு முறை, ஒரு வருடம் என்றால் 104 முறை. ஒரு முறைக்கு 154 ரூபாய், ஆட்டோவே மலிவு. வருடத்தில் 300 நாள் எடுத்தால் 53 ரூபாய். கடைசியில் பாதி விலைக்கு விற்றால் 27. பால்கனியில் நின்றால் தேய்மானம் மட்டுமே மிச்சம். பெரிய குழந்தைக்கு மூன்று நெருங்கிவிட்டால் ஒற்றை வண்டியும், பின்னால் மாட்டுகிற நிற்கும் பலகையும் போதும்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்ததில்லை. ஓவன் மெக்லாரன் என்று ஒரு ஆங்கிலேயர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கரத்தில் வேலை செய்த பொறியாளர். ஓய்வுக்குப் பிறகு, கனமான குழந்தை வண்டியோடு மகள் படும் பாட்டைக் கேட்டு, அலுமினியக் குழாயில் குடை மாதிரி மடியும் வண்டியை 1965-ல் வடிவமைத்தார். எடை மூன்று கிலோகூட இல்லை. இன்று நாம் பார்க்கும் மடக்கு வண்டிக்கெல்லாம் அதுதான் மூலம். அவரும் ஒரு தாத்தா என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆனால் அவர் பெயரிலான அதே கம்பெனி 2009 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்குப் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது. மடிக்கும் கீலில் விரல் சிக்கி, 12 குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டானதாகப் புகார். கீலுக்கு மூடி கொடுத்தார்கள். அதனால் வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை எட்ட நிற்கட்டும். பழைய வண்டி வாங்கினால் முதலில் கீலைப் பாருங்கள். பிறகு பிரேக், பிறகு இடுப்பு, தோள், கால் இடுக்கு மூன்றையும் பிடிக்கும் பெல்ட்.

கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்னால் சாயும். எங்கள் வீட்டில் தக்காளியோடு போயிற்று, குழந்தையோடு போகவில்லை. வெயிலுக்காக வண்டி முழுக்கத் துணி போர்த்தவும் கூடாது, உள்ளே சூடு ஏறிவிடும்.

எங்கள் பழைய வண்டி இப்போது ஏ பிளாக்கில் ஒரு இரட்டையர் வீட்டில் இருக்கிறது. பாதி விலைக்கும் குறைவாகத்தான் கொடுத்தேன். மாலை ஐந்தரைக்கு அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளையும் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் போன பணம் கணக்கில் வரவில்லை. நாங்கள் பி பிளாக்கிலிருந்து ஒற்றை வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, பலகை மாட்டிக்கொண்டோம். லிஃப்ட்டில் போகிறது. மகள் இறங்குகிறாள்.

ஆனால் சி பிளாக் வாசலில் மூன்று படி இருக்கிறதே! ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர், மொத்தம் 45. அங்கே வந்ததும் யாராவது வரும்வரை நிற்கிறாள். நான் இருந்தால் ஒரு பக்கம் பிடிக்கிறேன், மறுநாள் முதுகு பேசுகிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இருக்க வேண்டும் என்பது விதி. 45 சென்டிமீட்டருக்கு 5 மீட்டர் 40. சுமார் 18 அடி. நம் பிளாக்கில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரை இறக்க இரண்டு பேர் வேண்டும். தண்ணீர் கேன் போடும் பையனும் சிலிண்டர்காரரும் தினம் அந்தப் படியில்தான் ஏறுகிறார்கள். போன பொதுக்குழுவில் இது ஏன் தள்ளிப்போனது என்று எல்லோருக்கும் தெரியும்: சாய்தளம் வந்தால் இரண்டு டூவீலர் நிறுத்தும் இடம் போய்விடும்.

அடுத்த பொதுக்குழுவில் நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக அது மறுபடி வருகிறது. அந்த இரண்டு இடத்தில் ஒன்று என் ஸ்கூட்டர் நிற்கும் இடம். விட்டுத் தருவதாகச் செயலாளரிடம் நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னொரு இடத்துக்காரர் இங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். பொங்கல் சாப்பிட்டதும் பேசிக்கொள்கிறோம்.