அமைதிக்குச் சோறிட்டவர்கள்



மோனையைப் போற்றும் வேறொரு மக்களைப் பற்றி இன்று பேச விழைகிறேன். சோமாலியரின் மரபுக் கவிதையில் முதலடி தொட்டு ஈற்றடி வரை ஒரே ஒலியின் மோனை தொடர்ந்து வரும். 1972-இல்தான் அம்மொழிக்கு அரசு எழுத்துரு அளித்தது. அதுவரை வாய்மொழியாகவே வளர்ந்த அக்கவிதை பகையை மூட்டவும் வல்லது, தணிக்கவும் வல்லது.

1988-இல் சியாத் பாரே அரசின் விமானங்கள் தம் நாட்டு நகரமாகிய ஹர்கெய்சாவையே குண்டுவீசித் தகர்த்தன. 1991-இல் அவ்வரசு வீழ்ந்தது. வடபகுதி சோமாலிலாந்து எனத் தனித்து நின்றது. விரைவிலேயே அங்கும் குலச்சண்டை மூண்டது. 1993-இல் போராமா என்னும் ஊரில் குலப் பெரியோர் 150 பேர் கூடி, மாதக்கணக்கில் பேசி, அமைதி உடன்பாட்டையும் இடைக்கால ஆட்சிச் சாசனத்தையும் வகுத்தனர். முகம்மது இப்ராகிம் எகாலைத் தலைவராகத் தேர்ந்தனர். மூத்தோர் அவை ஆட்சியின் ஓர் அங்கமாயிற்று.

அத்தனை நாளும் அவர்களுக்குச் சோறிட்டவர் யார்? ஊர் மக்களும் வணிகரும் அயல்நாடுகளில் உழைத்த உறவினருமே பெரும்பங்கு தந்தனர். வெளியார் உதவி சிறிதளவே. அதே ஆண்டில் தெற்கே ஐ.நா.வின் பெரும்படை இறங்கியிருந்தது. 160 கோடி டாலர் அளவுக்குச் செலவிட்டு 1995 மார்ச்சில் அது வெளியேறியபோது அங்கே நடுவண் அரசு அமைந்திருக்கவில்லை. இரு பகுதிகளின் வரலாறும் ஒன்றன்று என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஒன்று புலனாகிறது: பொருள் தருபவர் எவரோ, அவருக்கே பேசுவோர் விடை சொல்லக் கடமைப்படுகின்றனர். தொலைநாட்டார் தந்தால் அறிக்கை போதும்; பக்கத்து வீட்டார் தந்தால் அமைதியே வேண்டும்.

போராமா குறையற்றதன்று. பெண்களுக்கு அங்கே வாக்கு இல்லை. 1994-இல் மீண்டும் போர் மூண்டது. 1997-இல் மற்றொரு மாநாடு வேண்டியிருந்தது. 2023-இல் லாஸ் அனோதில் குருதி சிந்தியது. ஊரார் செய்யும் அமைதியும் ஓயாது புதுப்பிக்க வேண்டிய ஒன்றே.

அந்நிலத்தின் பெருங்கவிஞர் ஹட்ராவி 1973 முதல் 1978 வரை கவிதைக்காகச் சிறையிருந்தார். 2003-இல், அறுபது வயதில், அமைதி வேண்டி நெடும்பயணம் மேற்கொண்டார். 2022-இல் மறைந்தார். சொல்லால் ஆவது இவ்வளவே என்று அவர் ஓய்ந்துவிடவில்லை, காலையும் ஈந்தார்.

உலகில் தளர்ந்த நாடுகளுக்குப் பிறர் பொருள் வேண்டா என்பது என் கருத்தன்று. அது பின்னே வரட்டும்; சிறிதாக வரட்டும்; ஊரார் தொடங்கியதற்குத் துணையாகட்டும். நாமும் உறுப்பினர் சந்தாவால் பத்தாண்டு நிலைத்த வட்டத்தினர். தொலைதூர அமைதிப் பணிக்கு நம்மிடம் எவரேனும் பொருள் கேட்டால், இல்லையென்று சொல்ல வேண்டா. ஆனால் ஒன்று கேட்போம்: முதற்காசை இட்ட ஊரார் யார்?